'கன்ஃபர்ம்' தவறு, 'இன்வைட்' மட்டும் எப்படிச் சரி?

வாசகி கேள்வி:

மேடம், எனக்கு கடலூர் மஞ்சக்குப்பம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தேன். பி.காம். முடித்துவிட்டு, இப்போது புதுச்சேரியில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஆர்டர் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்கு "வீ ரிக்வெஸ்ட் ஃபார் யுவர் கன்ஃபர்ம்" என்று மெயில் எழுதிவிட்டேன். எங்கள் மேலாளர் அதை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்துச் சிரித்தார். "கன்ஃபர்ம் வெர்ப்மா, நௌன் இல்ல, இதுகூடத் தெரியாதா?" என்றார். மறுநாள் அவரே எனக்கு "ப்ளீஸ் சென்ட் த இன்வைட்" என்று எழுதுகிறார். இன்வைட் மட்டும் வெர்ப் இல்லையா? ஆர்டர், ரிப்ளை, மெயில் எல்லாம் பெயர்ச்சொல்லாகவும் வருகிறது, வினைச்சொல்லாகவும் வருகிறது. கன்ஃபர்ம், டிஸ்கஸ், அப்ரூவ் மட்டும் ஏன் வரக்கூடாது? இதற்கு விதி இருக்கிறதா, இல்லை பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டுமா? இப்போதெல்லாம் மெயிலை அனுப்பும்போது கை நடுங்குகிறது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகு வேறு வேலை ஓடவில்லை. புதுச்சேரியில் 26 வருடமாக, தமிழ் வழியில் படித்துவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆபீஸ் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இலக்கணம் தெரியாமல் தோற்றவர்களைவிட, ஒரு தடவை நாலு பேர் முன்னால் சிரிப்புக்கு ஆளாகி, அதன்பிறகு வாயே திறக்காமல் போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். தவறைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் செய்தது சரியில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, நீங்கள் கேட்டிருப்பது நல்ல கேள்வி. அவர் சிரித்த இடத்தைவிட அவர் கவனிக்காமல் விட்ட இடம் ஒன்று உங்கள் வாக்கியத்தில் இருக்கிறது. அது 'ஃபார்'. அதற்குப் பிறகு வருகிறேன்.

கன்ஃபர்ம் என்று ஏன் எழுதினீர்கள்? உங்களுக்கு ஆங்கிலம் தெரியாததால் அல்ல, தமிழ் நன்றாகத் தெரிந்ததால். நாம் பேசும்போது என்ன சொல்கிறோம்? "பார்ட்டிகிட்ட கன்ஃபர்ம் பண்ணிட்டியா?", "மெயில் பண்ணு", "டிஸ்கஸ் பண்ணலாம்". ஆங்கில வினைச்சொல் தமிழுக்குள் வந்ததும் அதன் வினைத்தன்மை போய்விடுகிறது. காலம், இடம், எதிர்மறை எல்லாவற்றையும் 'பண்ணு' சுமக்கிறது: பண்ணினேன், பண்ணுவார், பண்ணாதே. முன்னால் இருக்கும் ஆங்கிலச் சொல் சும்மா உட்கார்ந்திருக்கும். போன் ஒரு பொருள், 'போன் பண்ணு' என்கிறோம். ட்ரை ஒரு செயல், 'ட்ரை பண்ணு' என்கிறோம். பொருளும் செயலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டன. நம் காதுக்கு எல்லாமே பெயர்ச்சொல் மாதிரிதான் கேட்கும். அந்தப் பழக்கத்தில் 'யுவர்' போட்டு அதன் பின்னால் கன்ஃபர்ம் வைத்தீர்கள். தமிழ் மூளை செய்யக்கூடிய நியாயமான வேலை அது.

ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் வருவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விசேஷம் இல்லை. பள்ளியில் முதனிலைத் தொழிற்பெயர் என்று படித்திருப்பீர்கள். அடி, உரை, வெட்டு. வினையின் வேர்ச்சொல்லே விகுதி ஏதும் சேராமல் பெயராக நிற்பது. பேச்சிலும் எத்தனை பாருங்கள்: வெடியை வெடித்தான், பூட்டைப் பூட்டினாள், விதையை விதைத்தார்கள். இங்கே குழப்பமே வருவதில்லை. ஏனென்றால் தமிழ் ஒட்டைப் பார்த்து வேலையைச் சொல்லிவிடும். விதை+ஐ என்றால் பெயர். விதை+த்+த்+ஆர்கள் என்றால் வினை. சொல்லை வாக்கியத்தில் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒட்டு கூடவே வரும். 'விதைத்தார்கள் விதையை' என்றாலும் பொருள் கெடாது.

ஆங்கிலத்தில் அந்த ஒட்டு இல்லை. அங்கே சொல் உட்காரும் இடம்தான் உருபு. 'வாட்டர் த ப்ளாண்ட்' என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்று. 'ப்ளாண்ட் எ ட்ரீ' என்றால் மரம் நடு. முதல் வாக்கியத்தில் பெயராக இருந்த ப்ளாண்ட், இரண்டாவதில் வாக்கியத்தின் தலைக்கு வந்ததும் வினையாகிவிட்டது. உடம்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

என் வகுப்புக்கு வருபவர்களை ஒருநாள் பாரதி பூங்காப் பக்கம் அழைத்துப்போய் இதைச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். பூங்காவும் பார்க், வண்டியை நிறுத்துவதும் பார்க். "ஒரே சொல்லா மிஸ்? இல்ல, தற்செயலா?" என்று யாராவது கேட்பார்கள். ஒரே சொல்தான். பார்க் என்பது முதலில் வேலி போட்டு அடைத்த இடம். படைகள் தங்கள் பீரங்கிகளையும் வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி வைக்கும் அடைப்புக்கும் அதே பெயர் வந்தது. அப்படி நிறுத்துவதையும் பார்க் என்றார்கள். மோட்டார் வண்டி வந்தபோது சொல் தயாராக இருந்தது. இடத்தின் பெயர் அந்த இடத்தில் செய்யும் செயலுக்குப் பெயராகிவிட்டது. "கேன் வீ பார்க் நியர் த பார்க்?" என்ற வாக்கியத்தைப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வேன். 'கேன் வீ' பின்னால் வந்தது வினை, 'த' பின்னால் வந்தது பெயர். இதை ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்துக்கு ஏன் இந்த நிலை வந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஒட்டு இருந்தது. லவ் என்ற சொல் பெயராக இருந்தால் லுஃபு, வினையாக இருந்தால் லுஃபியன். ஆன்சரும் அப்படித்தான்: அண்ட்ஸ்வரு என்றால் விடை, அண்ட்ஸ்வரியன் என்றால் விடை சொல்வது. சில நூற்றாண்டுகளில், ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டுக்குள், கடைசி அசைகள் வாயில் தேய்ந்து மறைந்தன. இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. தேய்ந்ததால் வந்த லாபம், யாரும் எந்தப் பெயரையும் தூக்கி வினை இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்ற சுதந்திரம்.

ஃபிரெஞ்சு அப்படித் தேயவில்லை. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் என் வகுப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள், "எங்க பாஷையில இந்தத் தொல்லை இல்லம்மா, வேலை செய்யற சொல்லுக்கு வால் இருக்கும்" என்றார். நடனம் என்றால் தான்ஸ், ஆடுவது தான்ஸே. போய்ப் பார்த்துவிட்டு வருவது விஸித், அதைச் செய்வது விஸித்தே. அந்தச் சொற்கள் இங்கிலீஷ்காரன் வீட்டுக்குப் போனதும் வாலை அறுத்துக்கொண்டன, டான்ஸும் விசிட்டும் இரண்டு வேலையும் பார்க்க ஆரம்பித்தன. தாத்தா சொன்ன அந்த 'வால்' என்ற சொல்லை இன்றும் வகுப்பில் பயன்படுத்துகிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஆர்டரும் ரிப்ளையும் இரண்டாகவும் வரும்போது கன்ஃபர்ம் ஏன் வரக்கூடாது?

கடலூர் பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, தினமும் பார்ப்பீர்கள். கன்ஃபர்மின் பெயர்ச்சொல் இருக்கையில் கன்ஃபர்மேஷன் என்ற சொல் முன்பே துண்டு போட்டுவிட்டது. டிஸ்கஸுக்கு டிஸ்கஷன், அப்ரூவுக்கு அப்ரூவல், டெலிவருக்கு டெலிவரி, அக்ரீக்கு அக்ரிமென்ட். இருக்கையில் ஆள் இருக்கும்போது வினைச்சொல்லே வந்து அதே இடத்தில் உட்கார முடியாது. ஆர்டருக்கும் ரிப்ளைக்கும் அப்படித் தனியாக ஓர் ஆள் வரவில்லை. அதனால் அவையே இரண்டு இருக்கையிலும் உட்கார்ந்துகொண்டன.

இதைக் கண்டுபிடிக்கப் பட்டியல் வேண்டாம். சோதனை உங்கள் வாயிலேயே இருக்கிறது. சொல்லின் பின்னால் 'வந்துடுச்சா?' என்று சேர்த்துப் பாருங்கள். ஆர்டர் வந்துடுச்சா? மெயில் வந்துடுச்சா? ரிப்ளை வந்துடுச்சா? காது ஒப்புக்கொள்கிறது, பெயர்ச்சொல். அப்ரூவ் வந்துடுச்சா? டிஸ்கஸ் வந்துடுச்சா? யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அப்ரூவல் வந்துடுச்சா?" என்றுதான் கேட்போம். பாருங்கள், தமிழில் பேசும்போது ஆங்கிலப் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் சரியாகப் பிரித்துத்தான் பேசுகிறோம். நமக்கே தெரியாமல் அந்த அறிவு உள்ளே இருக்கிறது.

கன்ஃபர்ம் மட்டும் ஏமாற்றும் சொல். ரயில் டிக்கெட் புண்ணியத்தில் "கன்ஃபர்ம் ஆயிடுச்சா?" என்று கேட்டுக் கேட்டு, அது தனியாக நிற்கும் சொல் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் வழுக்கியது அங்கேதான். அந்த இடத்தில் வழுக்காதவர்கள் குறைவு.

சரி, இன்வைட்? உங்கள் மேலாளர் எழுதியது தவறில்லை. ஆனால் காரணம் சட்டம் இல்லை, புழக்கம். இன்விடேஷன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதே இன்வைட் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அதுவும் இன்று நேற்றல்ல, 17-ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பெயர்ச்சொல்லாக எழுதியிருக்கிறார்கள். ரொம்ப காலம் கொச்சை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் காலண்டரில் மீட்டிங்குக்கு அழைப்பு அனுப்பும் வழக்கம் வந்த பிறகு அதற்கு அந்தஸ்து கூடிவிட்டது. இப்போது இரண்டுக்கும் வேலை பிரிந்துவிட்டது: மீட்டிங்குக்கு இன்வைட், கல்யாணத்துக்கு இன்விடேஷன். உங்கள் பிரிவில் தினமும் வரும் 'கோட்' அப்படித்தான். கொட்டேஷனின் சுருக்கமாக வந்து வியாபாரத்தில் நிலைத்துவிட்டது. "ப்ளீஸ் சென்ட் யுவர் கோட்" என்று தாராளமாக எழுதுங்கள்.

இப்படி ஒரு சொல் புது இருக்கைக்கு மாறும்போது முதலில் முணுமுணுப்பு வரும். கான்டாக்ட் என்பதை வினைச்சொல்லாக எழுதுவதை 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மொழித் தூய்மை பேசியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். இன்று யாருக்கும் அது உறுத்துவதில்லை. கூகுள் ஒரு கம்பெனியின் பெயர். தேடுவதற்கே அது வினைச்சொல்லாகி, 2006-இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. ஊர் முழுக்கப் பேசினால் அகராதி ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒருவர் தனியாக ஒரு மெயிலில் செய்தால் தவறு என்பார்கள். கேட்க அநியாயமாகத்தான் இருக்கும். எந்த மொழியிலும் நடப்பது இதுதான். ஆகவே 'ப்ளீஸ் ஆக்‌ஷன் திஸ்', 'வாட் இஸ் த ஆஸ்க்' மாதிரியான புது ஆபீஸ் வழக்குகளை மற்றவர் எழுதினால் புரிந்துகொள்ளுங்கள். நீங்களாக எழுத இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம்.

இனி அந்த 'ஃபார்'. எனக்கு இதுதான் முக்கியம். கன்ஃபர்ம் மாதிரியான பிழை வெளியே தெரியும், யாராவது சிரிப்பார்கள், திருத்திக்கொள்வோம். இந்த 'ஃபார்' பிழை யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் கூடவே வரும். இருபது வருட அனுபவம் உள்ள மேலாளர்கள் மெயிலிலும் பார்க்கிறேன்.

ரிக்வெஸ்ட் இரண்டு வேலையும் பார்க்கும் சொல். பெயராக இருக்கும்போது அதற்கு ஃபார் துணை வேண்டும்: 'அவர் ரிக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்' (இந்த 'அவர்' ஆங்கில our, 'எங்கள்'). வினையாக மாறியதும் துணை கழன்றுவிட வேண்டும்: 'வீ ரிக்வெஸ்ட் பேமென்ட்'. நாம் என்ன செய்கிறோம்? வேலை மாறியதைக் கவனிக்காமல், பெயரோடு பழகிய துணையை வினைக்கும் கூட்டிக்கொண்டு போகிறோம். உருவம் ஒன்றாகவே இருப்பதால் வரும் பிழை இது. உருவம் வேறாக இருந்திருந்தால் வந்திருக்காது.

ஆர்டரும் அப்படித்தான், உங்கள் மேஜையில் தினமும் புரளும் சொல். 'ஆன் ஆர்டர் ஃபார் 500 பாக்ஸஸ்' சரி. 'தே ஆர்டர்ட் ஃபார் 500 பாக்ஸஸ்' தவறு, 'தே ஆர்டர்ட் 500 பாக்ஸஸ்' போதும். விசிட்: 'அவர் விசிட் டு த ஃபேக்டரி' சரி, 'வீ விசிட்டட் டு த ஃபேக்டரி' என்றால் அந்த டு வேண்டாத சுமை. அணுகுவது என்ற அப்ரோச்: 'ஆன் அப்ரோச் டு த ப்ராப்ளம்' சரி, 'ப்ளீஸ் அப்ரோச் டு த பேங்க்' தவறு. ஆக்ஸஸும் இதே கதை: 'ஐ ஹேவ் ஆக்ஸஸ் டு த ஃபைல்' என்போம், ஆனால் 'ஐ காண்ட் ஆக்ஸஸ் த ஃபைல்'. குறைவு என்ற பொருளில் வரும் லேக், பெயராக இருந்தால் 'லேக் ஆஃப் ஸ்பேஸ்', வினையானால் 'வீ லேக் ஸ்பேஸ்'. டிமாண்ட், ஃபியர், அட்டாக் எல்லாம் இதே குடும்பம்.

கான்டாக்ட் விஷயத்தில் தமிழும் சேர்ந்து இழுக்கும். நாம் ஒருவரோடு தொடர்பு கொள்கிறோம். அந்த 'ஓடு' தான் 'ப்ளீஸ் கான்டாக்ட் வித் மீ' என்று எழுத வைக்கிறது. 'ப்ளீஸ் கான்டாக்ட் மீ' அவ்வளவுதான். பெயராக இருக்கும்போது மட்டும் வித் வரும்: 'வீ ஆர் இன் கான்டாக்ட் வித் தெம்'. டிஸ்கஸ் உருவம் மாறும் சொல்லாக இருந்தாலும் அதிலும் இந்த நோய் தொற்றியிருக்கிறது. டிஸ்கஷனுக்கு அபௌட் வரும் என்பதால் 'லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் த ரேட்' என்கிறோம். 'லெட் அஸ் டிஸ்கஸ் த ரேட்' என்று நிறுத்துங்கள்.

விதிவிலக்கு உண்டு, மறைக்க மாட்டேன். ரிப்ளை பெயரானாலும் வினையானாலும் டு-வை விடாது: 'அவர் ரிப்ளை டு யுவர் மெயில்', 'வீ ரிப்ளைட் டு யுவர் மெயில்'. அதே பொருள் தரும் ஆன்சர் வினையானால் விட்டுவிடும்: 'ஆன்சர் த மெயில்'. காமென்ட்டும் ஆன்-ஐ இரண்டு இடத்திலும் பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றைப் போகப்போகப் பழகிக்கொள்ளலாம்.

என்னிடம் படித்த ஒரு தம்பி, இறால் ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்த்தவர், இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் மடித்து, இடது பக்கம் 'அவர்' என்று தலைப்பு, வலது பக்கம் 'வீ' என்று தலைப்பு. இடது பக்கம் 'அவர் ஆர்டர் ஃபார்…', வலது பக்கம் அதற்கு நேராக 'வீ ஆர்டர்ட்…'. மெயிலில் எந்தச் சொல் தட்டுப்பட்டாலும் இரண்டு பக்கத்திலும் எழுதுவார். மூன்று மாதத்தில் பதினாறு பக்கம்தான் நிரம்பியது. அதற்குள்ளாகவே அவர் கை தானாகச் சரியாக எழுத ஆரம்பித்துவிட்டது. மனப்பாடப் பட்டியல் பற்றிக் கேட்டீர்களே, நான் சொல்லக்கூடிய ஒரே பட்டியல் இதுதான், அதுவும் உங்கள் வேலையிலிருந்து வரும் சொற்களை வைத்து நீங்களே எழுதுவது. ரெட்டிச்சாவடி தாண்டி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் என்று வருகிற அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் நாளுக்கு இரண்டு சொல் போதும்.

எழுத்தில் இவ்வளவு. போனில் பேசும்போது இன்னொன்று இருக்கிறது, ஒலி.

சில சொற்கள் வேலை மாறும்போது கடைசி ஒலியை மாற்றிக்கொள்ளும். யூஸ் என்பது பெயராக இருந்தால் கடைசியில் பாம்பு சீறுகிற ஸ். வினையானால் வண்டு ரீங்கரிக்கிற ஒலி, தொண்டை அதிரும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், தெரியும். அட்வைஸ், எக்ஸ்கியூஸ், ஹவுஸ் எல்லாம் அப்படியே. நம்பிக்கை என்ற பிலீஃப் வினையானால் பிலீவ், ப்ரூஃப் வினையானால் ப்ரூவ். பெயரில் ஒலி வன்மையாகிறது, வினையில் மென்மையாகிறது. இதைப் பிள்ளைகளுக்கு எப்படி ஞாபகத்தில் நிற்க வைப்பது என்று ரொம்ப நாள் யோசித்தேன். பதில் தமிழிலேயே இருந்தது. எழுது, எழுத்து. பாடு, பாட்டு. விளையாடு, விளையாட்டு. வினையில் 'து' மெலிவாக, கிட்டத்தட்ட 'dh' மாதிரி அதிர்ந்து ஒலிக்கிறது என்று ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்ட வேண்டியதே இல்லை, எழுது, எழுத்து என்று சொன்னாலே காது பிரித்துவிடும். பெயரானதும் இரட்டித்து வன்மையாகிறது. இரண்டு மொழிக்கும் இதில் உறவு ஏதும் இல்லை. ஆனால் நம் காதுக்கு இந்தத் திசை பழக்கமானது. 'பாடு' மாதிரி மென்மையாகச் சொன்னால் வினை, 'பாட்டு' மாதிரி வன்மையாகச் சொன்னால் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வைஸ் விஷயத்தில் எழுத்தும் மாறும், கவனம். பெயருக்குக் கடைசியில் சி, வினைக்கு எஸ். பெயரின் கடைசி மூன்று எழுத்தும் ஐஸ் கட்டியின் ஸ்பெல்லிங். ஐஸ் ஒரு பொருள், ஆகவே பெயர். ப்ராக்டிஸும் பிரிட்டிஷ் வழக்கில் இப்படித்தான். அமெரிக்கர்கள் ப்ராக்டிஸை இரண்டுக்கும் சி போட்டே எழுதுவார்கள். நாம் "அட்வைஸ் பண்ணாதே" என்று ஒரே ஒலியில் சொல்லிப் பழகியதால்தான் வினையிலும் சி போட்டு எழுதிவிடுகிறோம்.

இன்னும் சில சொற்களில் கடைசி ஒலி மாறாது, அழுத்தம் இடம் மாறும். பள்ளியில் வாங்கிய கான்டக்ட் சர்டிஃபிகேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது நடத்தை என்ற பெயர், அழுத்தம் முதல் அசையில்: கான்-டக்ட். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் கண்டக்டர். அது நடத்துவது என்ற வினையிலிருந்து பிறந்தது, அழுத்தம் இரண்டாவது அசையில்: கன்-டக்ட். ரெக்கார்ட், எக்ஸ்போர்ட், இம்போர்ட், பெர்மிட், ரீஃபண்ட், ப்ராடியூஸ் எல்லாம் இந்த வகை. பெயரானால் முதல் அசையில் அழுத்துங்கள், வினையானால் இரண்டாவது அசையில் அழுத்துங்கள். ரிப்ளை, ரிக்வெஸ்ட், சப்போர்ட், டிமாண்ட் போன்றவை இந்த ஆட்டத்தில் சேராதவை, இரண்டிலும் அழுத்தம் கடைசி அசையில்தான். இதில் தவறினாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும், ரொம்பக் கவலைப்படாதீர்கள்.

மேலாளரிடம் இன்வைட் பற்றிக் கேட்டுவிடலாமா என்று உங்கள் மனதில் ஓடியிருக்கும். கேட்க வேண்டாம், அது தவறில்லை என்பதால். ஆனால் அடுத்த முறை எல்லார் முன்னாலும் சிரித்தால், பிறகு அவர் அறைக்குப் போய், "சார், தப்பு இருந்தா தனியா சொல்லுங்க சார், திருத்திக்கிறேன்" என்று சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பெரும்பாலானவர்கள் அதைக் கேட்டதும் மாறிவிடுவார்கள்.

அந்த மெயிலை இப்படி எழுதியிருக்கலாம்: "வீ ரிக்வெஸ்ட் யுவர் கன்ஃபர்மேஷன் ஆஃப் த ஆர்டர்." இன்னும் எளிமையாக, நானாக இருந்தால் எழுதுவது: "ப்ளீஸ் கன்ஃபர்ம் த ஆர்டர். வீ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை." முதல் வாக்கியத்தில் கன்ஃபர்ம் தன் சொந்த இருக்கையில், வினையாகவே இருக்கிறது, ஆர்டர் பெயராக இருக்கிறது. இரண்டாவதில் யுவர் பின்னால் வந்திருக்கும் ரிப்ளை பெயர். அந்த டு-வைப் பார்த்து வினை என்று நினைத்து 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதிவிடாதீர்கள். அங்கே டு-வுக்குப் பின்னால் பெயர்தான் வர வேண்டும், அதனால் 'டு மீட்டிங் யூ'. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பத்துப் பக்கம் நிரம்பியதும் எனக்கு மறுபடி எழுதுங்கள், எந்தச் சொல் இன்னும் இடறுகிறது என்று பார்க்கலாம்.